பின்கேட் வழியாகப் போகவில்லை

பாகான் டத்தோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கச்சேரி வான் வண்டியை எடுத்துக்கொண்டு ஜொகூரிலிருந்து பெர்லிஸ் வரைக்கும் சுற்றுகிறீர்களே, வழியில் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போவதுண்டா, அக்கா?"

போவதுண்டு. மழையில் நனைந்த ஆம்ப்ளிஃபயர் கதையைப் போன வாரம் பாதியில் விட்டிருந்தேன். அது அங்கேயே காயட்டும். இந்த வாரம் ஈப்போவுக்குப் போவோம்.

பாதி திறந்த கேட்

வெயில் சுண்ணாம்பு மலைகளில் பட்டுக் கண்ணைக் கூச வைத்த ஒரு சனிக்கிழமை மதியம். எங்கள் வான் பெரியப்பா வீட்டு வாசலில் நின்றது. கேட் தானாக நகர ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டது.

உள்ளே போர்ட்டிகோவில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை. கையில் ரிமோட். வானுக்குள் நான் மட்டும் இல்லை என்பதைப் பார்த்ததும் விரலை நிறுத்திவிட்டார்.

வானை ஓட்டி வந்தது என் கணவர் முனியாண்டி. எங்கள் குழுவின் ட்ரம்ஸ்காரர். பின்னால் கீபோர்ட் வாசிக்கும் ஆ லியோங், பாடகன் ரூபன். நான் பேஸ் கித்தார். நாலு பேரும், எங்களுக்கு நடுவே ஒரு வீட்டுச் சாமான் அளவுக்கு வாத்தியங்களும்.

பெரியம்மா பின்னாலிருந்து ஓடி வந்தார். கை ஈரத்தை முந்தானையில் துடைத்தபடி வான் கண்ணாடிக்குள் குனிந்து என்னிடம் கிசுகிசுத்தார்.

"சாந்தினி, தனிய வா எண்டு தானே பிள்ளை ஃபோனில சொன்னனான்?"

"நான் வாறன் எண்டுதான் சொன்னனான், பெரியம்மா. தனிய வாறன் எண்டு சொல்லேல்லை."

"உள்ளுக்கை ஆக்கள் வந்திருக்கினம். தர்ஷியைப் பாக்க. கோலாலம்பூரால."

பெரியம்மாவின் மகள் தர்ஷியைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு நாள் வந்திருப்பேனா? வந்திருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் முனியை வானிலேயே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போயிருக்க மாட்டேன். அதை மட்டும் சொல்ல முடியும்.

பெரியம்மா திரும்பி பெரியப்பாவைப் பார்த்தார். தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் கேட்டின் மீதிப் பாதியும் திறந்தது என்று நினைக்கிறேன்.

வயலினும் கூறைச்சேலையும்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா இறந்துவிட்டார். அப்பாவுக்கு சபா மாநிலத்தில் அரசாங்க வேலை. ஆகவே நான் வளர்ந்தது பெரியப்பா வீட்டில், இந்த ஈப்போ வீட்டில்தான். தலை வாரிவிட்டது, காய்ச்சலுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் வைத்தது, முதல் முதலாகப் புடவை கட்டிவிட்டது எல்லாம் பெரியம்மா. தர்ஷி அவர்கள் பெற்ற மகள். நான் அவர்கள் வளர்த்த மகள். அந்த வித்தியாசத்தை அந்த வீட்டில் எனக்கு யாரும் காட்டியதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். பெரியப்பாவின் தாத்தா ரயில்வே குமாஸ்தா, அப்பா ஸ்டேஷன் மாஸ்டர், பெரியப்பா எஞ்சினியர். எங்கள் வீட்டில் உத்தியோகத்தைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பார்கள். "எஸ்டேட் ஆக்கள்" என்ற வார்த்தையைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதைப் போல.

எனக்கு வயலின் வாங்கிக் கொடுத்தது பெரியப்பாதான். அதை விட்டுவிட்டு நான் பேஸ் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது, "இந்தத் தடியை வைச்சு என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டார். கோபத்தில் இல்லை, நிஜமாகவே புரியாமல். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். முனியைத்தான் தாங்க முடியவில்லை.

முனியை நான் சந்தித்தது தைப்பிங்கில் ஒரு கல்யாணக் கச்சேரியில். கமுந்திங் தொழிற்பேட்டையில் மெஷின் டெக்னீஷியன் வேலை, சனி ஞாயிறு ட்ரம்ஸ். என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "சிஸ்டர், உங்க பேஸ் கொஞ்சம் லேட்டா விழுது லா." நான் சொன்ன முதல் பதில், "நீங்கதான் சீக்கிரம் ஓடுறீங்க." அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் அவரிடம், "முனியாண்டின்னு போஸ்டர்ல போட்டா பழசா இருக்கு, மனீஷ்னு மாத்திக்கலாமா?" என்று கேட்டார். "எங்கப்பா வச்ச பேரு. போஸ்டர்ல இடம் பத்தலைன்னா உங்க பேரை எடுத்துடுங்க" என்றார் முனி. அந்தப் பதிலைக் கேட்ட அன்றுதான் இவரைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

கல்யாணத்துக்குப் பெரியப்பா வரவில்லை. பெரியம்மாவையும் விடவில்லை. தர்ஷியிடம் பெரியம்மா ஒரு கூறைச்சேலை கொடுத்தனுப்பினார். அதன் மடிப்பில் அந்த வீட்டு அலமாரியின் வாசனை இருந்தது. அதற்குப் பிறகு ஃபோனில் பேச்சு, தீபாவளிக்குப் பலகாரம், எல்லாம் உண்டு. ஆனால் முனியின் பெயரை மட்டும் யாரும் உச்சரிக்க மாட்டார்கள்.

வாஷிங் மெஷின் பக்கத்தில்

ஹாலில் மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷி நீல நிறப் புடவையில், பல் டாக்டரான அவளுக்கே உரிய அளவான சிரிப்போடு இருந்தாள். எங்களைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்தது.

பெரியப்பா அறிமுகம் செய்து வைத்தார். "இது என்ர தம்பியின்ர மகள், சாந்தினி. மியூசிக் செய்யிறவ. இவர் மிஸ்டர் லியோங், பியானிஸ்ட். இது பாட்டுப் படிக்கிற தம்பி." கடைசியாக முனியின் பக்கம் கையைக்கூட நீட்டாமல், "இவர் வான் ஓட்டிக்கொண்டு வந்தவர்."

நான் வாயைத் திறந்தேன். முனி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடு லா," என்றார் மெதுவாக. "அந்தப் புள்ளையோட நாளு."

தர்ஷியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டேன்.

சாப்பாட்டு மேசையில் பீங்கான் தட்டுகள் பளபளத்தன. எனக்கு அங்கே ஓர் இடம் இருந்தது. பின்கட்டில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், மடக்கு மேசை ஒன்று போட்டு அதில் காகிதத் தட்டுகள் வைத்திருந்தார்கள். அது என் குழுவுக்கு.

பெரியப்பா ஆ லியோங்கின் தோளைத் தட்டினார். "மிஸ்டர் லியோங், கம், கம், சிட் வித் அஸ்."

ஆ லியோங் சுங்கை சிப்புட்டில் மளிகைக்கடை வீட்டுப் பிள்ளை. முனியோடு ஒரே தெருவில் சைக்கிள் ஓட்டியவன். தமிழில் திட்டினால் நமக்கே இரண்டு புது வார்த்தை கிடைக்கும். அவன் பெரியப்பாவிடம் பணிவாகத் தலை குனிந்து, சுத்தமான தோட்டத்துத் தமிழில் சொன்னான்:

"பரவால்ல அங்கள், நான் முனி பக்கத்துல உக்காந்துக்குறேன். அவன் தட்டுல இருந்து மீன் எடுக்கணும்."

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை.

நான் எனக்குப் போட்டிருந்த பீங்கான் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். காகிதத் தட்டுகளுக்கு நடுவில் அதை வைத்து உட்கார்ந்தேன். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சோப்பு வாசனையும் பொரித்த கத்தரிக்காய் வாசனையும் கலந்து வந்தன.

பெரியம்மா பரிமாற வந்தார். முனியின் தட்டுக்கு மேல் கரண்டி நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிடுவதா, தம்பி என்பதா, மருமகன் என்பதா என்று தெரியாமல் நின்றது. கடைசியில், "போடட்டோ?" என்று மட்டும் கேட்டார்.

"போடுங்க, அத்தை," என்றார் முனி.

அத்தை. அந்த வார்த்தையை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! பெரியம்மா ஊற்றிய தேங்காய்ப்பால் சொதி கொஞ்சம் மேசையில் சிந்தியது.

முனிக்குக் கோபம் வந்தால் பசி போகாது. மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். ரூபன் ஏதோ சொல்ல, ஆ லியோங் புரையேறச் சிரித்தான். சிரிப்புச் சத்தம் ஹால் வரைக்கும் போயிருக்க வேண்டும். பெரியப்பா வந்து கதவருகே நின்றார்.

"சாந்தினி, கொஞ்சம் மெதுவா. சாப்பிட்டு முடிய இவையைப் பின்கேட்டால கூட்டிக்கொண்டு போ. அங்க அவை முக்கியமான கதை கதைச்சுக்கொண்டு இருக்கினம்."

பின்கேட் என்பது குப்பைத் தொட்டி வைக்கிற சந்துக்குத் திறக்கும் சின்னக் கதவு. தோட்டவேலைக்கு வருகிறவர் அந்த வழியாகத்தான் வருவார், போவார்.

வான் ஓட்டுகிறவர் என்றதை விழுங்கினேன். காகிதத் தட்டை விழுங்கினேன். பின்கேட் என் தொண்டையில் இறங்கவில்லை.

ஹால் வழியாக

கையைக் கழுவினேன். முனியின் கையைப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை விடு என்று சொல்லவில்லை.

ஹாலுக்குள் நடந்தோம். பின்னால் ஆ லியோங்கும் ரூபனும். மாப்பிள்ளையின் அம்மா கையில் தேநீர்க் கோப்பையோடு நிமிர்ந்தார்.

"போயிட்டு வாறம், அன்ட்டி. இவரை ஒழுங்கா அறிமுகப்படுத்தேல்லை. இவர் முனியாண்டி. என்ர மனுசன். வான் ஓட்டுறவர் எண்டது உண்மை. எங்களுக்குச் சொந்த வான்."

எங்கள் பேச்சில் கணவரை மனுசன் என்போம். முனி வீட்டுப் பேச்சில் அப்படி இல்லை. அவர் கைகூப்பிச் சிரித்தார்.

"வணக்கங்க. நான் மனுசன்தான்னு இந்த வீட்டுல ஒருத்தர் சொல்லிட்டாங்க, சந்தோஷம். சாப்பாடு ரொம்ப நல்லா இருந்திச்சு. நாளைக்குச் சாயங்காலம் சுங்கை சிப்புட்ல, எங்க பழைய தோட்டத்துக் கோயில் மண்டபத்துல ஷோ இருக்கு. எல்லாரும் வாங்க."

"உங்கட அப்பா என்ன செய்தவர்?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். பழக்கதோஷத்தில் கேட்டிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"பால் மரம் வெட்டினாருங்க. அம்மாவும்."

 அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். நாங்கள் முன்வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டோம். முனி வேண்டுமென்றே மெதுவாக மாட்டினார்.

பெரியப்பா போர்ட்டிகோவுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "இவரோட இனி இந்தப் படி ஏறாதை."

"ஏறுவன், பெரியப்பா. ஏறினால் இவரோடதான் ஏறுவன். நீங்கள் திறக்காட்டி றோட்டில நிண்டு கூப்பிடுவன்."

சொன்னேனே தவிர, வானில் ஏறியதும் அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பத்து வயதில் காய்ச்சலில் கிடந்தபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய மனிதரிடம் அப்படிப் பேசியிருக்கிறேன். வருத்தப்பட்டேனா? இல்லை. வலித்ததா? வலித்தது. இரண்டும் வேறு வேறு.

வழியில் ஆ லியோங் இறங்கிப் போய் எல்லோருக்கும் தௌ ஃபூ ஃபா என்ற சோயா இனிப்பைத் தாப்பாவ் பொட்டலமாக வாங்கி வந்தான். இஞ்சிச் சர்க்கரைப் பாகு சூடாக இறங்கியது. அப்போதுதான் முனியிடம் கேட்டேன், "இப்படி நடக்கும்னு தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?"

"நீ எங்கம்மா வீட்டுல வந்து தரையில படுத்துத் தூங்குறே. நான் உங்க வீட்டுக்கு வராம ஒளிஞ்சா யாருக்கு அசிங்கம்? எனக்குத்தானே லா."

சுங்கை சிப்புட்டில் அத்தை

முனி பிறந்த தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, லயங்களை இடித்தார்கள். கோயிலும் அதை ஒட்டிய பலகை மண்டபமும் மட்டும் செம்பனைகளுக்கு நடுவில் மிச்சம். தோட்டத்து ஆட்கள் பலரும் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். என் மாமியார் அஞ்சலை அத்தை அங்கேதான். விடிகாலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்கடை போடுகிறார். குரல் தெருமுனை வரை கேட்கும்.

ஈப்போ வீட்டு மதியச் சாப்பாட்டை ரூபன் உளறிவிட்டான்.

"வாஷிங் மெஷின் பக்கத்துலயா?" அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "காகிதத் தட்டா? அதையும் தின்னுட்டு வந்தியாடா?"

"சொதி நல்லா இருந்திச்சும்மா."

"போடா." என்னிடம் திரும்பினார். "ஏ புள்ள, நீ என்ன பண்ணுனே?"

சொன்னேன். ஹாலில் நடந்ததையும், படியில் பேசியதையும்.  கேட்டுவிட்டு அத்தை என் தட்டில் இன்னொரு கரண்டி கறி போட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவருக்குப் போதவில்லை. "இனிமே அந்த வீட்டுப் பேச்சு இங்க வேணாம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இருட்டும் முன்பு தர்ஷியிடமிருந்து செய்தி வந்தது. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியேல்லையா உனக்கு?"

"பின்கேட் வரைக்கும் இருந்தனான்," என்று பதில் போட்டேன்.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று அவர்கள் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் பழி வான் மேல்தான் விழுந்தது. தர்ஷி என்னோடு வெகுகாலம் பேசவில்லை. இப்போது பேசுகிறாள், அந்த நாளைத் தவிர மற்றதெல்லாம். பெரியப்பா இன்னும் பேசுவதில்லை. ஒவ்வொரு சுற்றுப்பயணத்திலும் அந்தத் தெருவில் வானை நிறுத்தி ஹார்ன் அடிக்கிறேன். அடிப்பதை நிறுத்தப் போவதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மறுநாள் நடந்தது.

கோயில் மண்டபம்

ஞாயிறு சாயங்காலம். செம்பனை வரிசைகளுக்கிடையே செம்மண் பாதை முழுக்க மோட்டார் சைக்கிள்கள். ஒரு லாரியில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். மண்டபத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் அத்தை, தன் தோழிகளோடு, பட்டுப்புடவையில்.

நான் கம்பிகளைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாடகைக் கார் தயங்கித் தயங்கிப் பாதையில் வந்து, சேற்றுக்கு முன்னால் நின்றது.

பெரியம்மா இறங்கினார்.

கைத்தறிச் சேலை, தோளில் கைப்பை. பெரியப்பா இல்லாமல் அவர் கடைத்தெருவுக்குப் போய்க்கூட நான் பார்த்ததில்லை. மேடையிலிருந்து குதித்து ஓடினேன்.

"பெரியம்மா! பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"கோயிலுக்குப் போறன் எண்டு சொன்னனான்." சுற்றிலும் பார்த்து, கோபுரத்தைக் கண்டுபிடித்து, ஒரு கும்பிடு போட்டார். "பொய் இல்லைத்தானே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சேற்றில் அழுந்தியிருந்த செருப்பை இழுத்து எடுத்தபடி கேட்டார்:

"இதில ஆர் என்ர சம்பந்தி?"

அத்தை இருந்த இடத்தைக் காட்டினேன். கூட வருகிறேன் என்றேன். "நீ போய் உன்ர வேலையைப் பார்," என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்தார்.

மேடையில் ஏறி, பேஸ் கித்தாரை மாட்டிக்கொண்டு பார்த்தேன். முனியும் குச்சிகளைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்பதைப் பிற்பாடு அத்தைதான் வரி விடாமல் சொன்னார்.

பெரியம்மா முன்னால் போய் நின்று, "நான் சாந்தினியின்ர பெரியம்மா. வணக்கம், சம்பந்தியம்மா," என்றாராம்.

அத்தை எழுந்திருக்கவில்லை. "இத்தனை வருசமா வழி தெரியலயாக்கும்."

"வழி தெரியும். துணிவுதான் வரேல்லை."

"எம்புள்ளைக்குக் காகிதத் தட்டு."

"ஓம்." பெரியம்மா தலையைத் தாழ்த்தவில்லையாம். "நான்தான் போட்டனான். அவர் என்னை அத்தை எண்டு கூப்பிட்டவர். எனக்கு ராத்திரி முழுக்க நித்திரை இல்லை."

 அத்தை பெரியம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பெரியம்மா உட்கார்ந்தார்.

முனி குச்சிகளைத் தட்டி எண்ணினார். ஆரம்பித்தோம். ரூபன் பாட ஆரம்பித்ததும் லாரியிலிருந்து இறங்கிய பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஆடத் தொடங்கிவிட்டார்கள். என் பேஸ் அன்றைக்கு லேட்டாக விழவே இல்லை.

முதல் பாட்டின் நடுவில் பெரியம்மா கைப்பையைத் திறப்பதைப் பார்த்தேன். ஃபோனை எடுத்தார். வெளிச்சம் முகத்தில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு?" என்று அத்தை அவர் காதருகே கத்திக் கேட்டாராம்.

"அவர்தான். தேடுறார் போல."

"எடுக்கலயா?"

பெரியம்மா ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்தார்.

"பாட்டு முடியட்டும்," என்றார்.